கோள் சொல்வது யார்?

நுழையும் முன்

தமிழில் ‘கோள்’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு இன்றும் நாள்தோறும் வழங்குகின்றன. வானில் சுற்றிவரும் புதன், செவ்வாய், வியாழன் முதலியவை கோள்கள். ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் மற்றொருவரிடம் குறை கூறுவதும் கோள். விளையாட்டு வீரர்களின் ஓட்டத்தைச் செயற்கைக்கோளின் துணையோடு அளக்கும் முறையை விளக்கும் இப்பாடத்தைப் படிக்கும்போது இவ்விரு பொருளையும் நினைவில் வைத்துக்கொள்க.

பாடம்

2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள். கத்தார் நாட்டின் எஜுகேஷன் சிட்டி அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தென்கொரியாவும் போர்ச்சுகலும் தலா ஒரு கோல் அடித்திருந்தன. 90 நிமிடங்கள் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வென்றால்தான் தென்கொரியா அடுத்த சுற்றை எண்ணிப் பார்க்க இயலும். அப்போது அவ்வணியின் தலைவர் சன் ஹியுங் மின், தம் பகுதியிலிருந்து பந்துடன் தனியே நெடுந்தொலைவு ஓடினார். எதிரணித் தடுப்பாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் சற்றே தயங்கி நின்று, ஒரு தடுப்பாளரின் கால்களுக்கிடையே பந்தைத் தள்ளிவிட்டார். பின்னாலிருந்து விரைந்து வந்த ஹ்வாங் ஹீ சான் அதனை ஒரே அடியில் வலைக்குள் செலுத்தினார்.

மகிழ்ச்சிப் பெருக்கில் ஹ்வாங் தம் சட்டையைக் கழற்றி வீசினார். விதியின்படி நடுவர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சட்டைக்குள் அவர் அணிந்திருந்த கறுப்பு நிற அரைமேலாடை வெளிப்பட்டது. தோளிலிருந்து மார்பளவே நீண்ட அந்த ஆடை எதற்கு என்று தொலைக்காட்சியில் பார்த்த பலர் வியப்புடன் கேட்டனர்.

அந்த ஆடைக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. அது ஒரு பை. முதுகில் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, தீப்பெட்டியை ஒத்த சிறிய கருவி ஒன்றைச் செருகி வைப்பதற்கு அதில் இடம் உண்டு. கருவி அசையாமல் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகவே ஆடை அவ்வளவு இறுக்கமாகத் தைக்கப்படுகிறது. முதுகின் மேற்பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அங்கிருந்தால் கருவிக்கு வானம் தடையின்றித் தெரியும்; ஓடும்போது கைகால்களுக்கு இடையூறு இராது; பந்து நேரே வந்து தாக்கும் வாய்ப்பும் குறைவு.

ஹ்வாங் அன்று ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் மாற்று ஆட்டக்காரராகக் களம் இறங்கினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொடையின் பின்தசையில் ஏற்பட்ட காயத்தால் அவர் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஆடவில்லை. முழு விரைவில் ஓடுபவர்களை அடிக்கடி வீழ்த்துவது இந்தத் தசைக் காயமே. எவ்வளவு ஓடினால் உடல் வலுப்பெறும், எவ்வளவுக்குமேல் ஓடினால் தசை கிழியும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிவது கடினம். அந்தக் கருவி பிறந்ததற்கு இந்த வினாவே காரணம்.

எழுதுகோலும் ஒலிநாடாவும்

ஓட்டத்தை அளக்கும் முயற்சி செயற்கைக்கோளுக்கு முன்பே தொடங்கியது. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் ரைலி, வான் தாமஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் அசைவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுடைய முறை எளியது. ஆனால் பெரும் பொறுமை வேண்டுவது. ஒரு வீரர் நடக்கும்போதும், மெல்ல ஓடும்போதும், விரைந்து ஓடும்போதும் அவருடைய காலடி எவ்வளவு நீளம் என்பதை அறிந்துகொண்டார்கள். பிறகு ஆட்டத்தின்போது பார்வையாளர் பகுதியில் அமர்ந்து, அந்த ஒருவரை மட்டும் கண் இமைக்காமல் பார்த்து, அவருடைய ஒவ்வோர் அசைவையும் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஆட்டம் முடிந்தபின் ஒலிநாடாவைக் கேட்டுக் கேட்டுக் காலடிகளைத் தொலைவாக மாற்றினார்கள்.

இலக்குக்காவலர் நீங்கலாக மற்றவர்கள் ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் இடம்பெயர்வதாக அவர்கள் கண்டனர். அதைவிட வியப்பான செய்தி வேறொன்று. அத்தொலைவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வீரர் பந்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஓடியதில்லை. எஞ்சியது முழுவதும் பந்து இல்லாத ஓட்டம். பார்ப்பவர்களின் கண் பந்தையே பின்தொடர்வதால், வீரரின் உழைப்பில் பெரும்பகுதியை யாரும் பார்ப்பதில்லை என்பது இதனால் விளங்கியது.

ஆனால் இம்முறையில் ஒரு வீரருக்கு ஒரு பார்வையாளர் வேண்டும். ஓர் ஆட்டத்தின் கணக்கை முடிக்கப் பல மணிநேரம் செல்லும். நாள்தோறும் நடக்கும் பயிற்சிக்கு இது ஒத்துவராது.

விண்ணிலிருந்து வரும் நேரம்

அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டி அமைப்பில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் எப்போதும் இயங்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. அவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளுக்கு இருமுறை புவியைச் சுற்றுகின்றன. இரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியனவும் இத்தகையவை. இந்தியாவும் 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தித் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. அதன் பெயர் நாவிக். இந்தியில் ‘நாவிக்’ என்றால் மாலுமி. தமிழில் கப்பலைக் குறிக்கும் ‘நாவாய்’ என்னும் பழஞ்சொல்லை அப்பெயர் நினைவூட்டுகிறது.

செயற்கைக்கோள் மேலிருந்து வீரரை உற்றுப் பார்க்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. செயற்கைக்கோள் எவரையும் பார்ப்பதில்லை. அது செய்வது ஒன்றே: தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின்படி ‘இப்போது நேரம் இன்னது, நான் இருக்கும் இடம் இன்னது’ என்று வானொலி அலை வழியே இடைவிடாது அறிவித்துக்கொண்டேயிருப்பது. கீழே யார் கேட்கிறார்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. தேர்த்திருவிழாவின்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பவருக்குக் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் தெரியாது அல்லவா? அதுபோன்றதே இது.

கணக்குப் போடுவது வீரரின் முதுகிலுள்ள கருவி. அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. செயற்கைக்கோள் நேர்மேலே இருந்தால் அலை வந்துசேர ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து உள்ள தொலைவு தெரிந்தால் இடத்தைக் குறித்துவிடலாம். ஆனால் நான்காவதும் வேண்டும். வீரரின் கருவியில் உள்ளது அணுக்கடிகாரம் அன்று; கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற எளிய கடிகாரம். அதன் நேரம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கே நான்காவது செயற்கைக்கோள் பயன்படுகிறது.

1997ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஈவ் ஷுட்ஸ், ஷாம்பாஸ் ஆகியோர், மனிதர் நடப்பதையும் ஓடுவதையும் இவ்வமைப்பினால் அளக்க இயலுமா என்று சோதித்துப் பார்த்தனர். அக்காலத்தில் ஒரு பெரிய தடை இருந்தது. படைத்துறைக் காரணங்களுக்காக, பொதுமக்களுக்கு வரும் அலைகளில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். ஹாக்கிக் களத்தின் நீளமே 91.4 மீட்டர்தான். களத்தில் ஆடுபவரை அரங்கத்துக்கு வெளியே நிற்பதாகக் காட்டும் கருவியால் யாருக்கு என்ன பயன்? 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. விளையாட்டில் இக்கருவிகள் பரவியது அதன் பின்னரே.

பிழையான கடிகாரம் காட்டும் சரியான நேரம்

பிழை நீங்கிய பின்னும் ஒரு சாதாரணக் கருவி காட்டும் இடம் சில மீட்டர்கள் தவறுவது இயல்பு. அவ்வாறாயின் பத்து மீட்டர் ஓட்டத்தை அதனால் எவ்வாறு அளக்க இயலும்?

வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று கொள்வோம். அதைப் பார்த்து மணி கேட்பவருக்குத் தவறான விடையே கிடைக்கும். ஆனால் 40 நிமிடத் தேர்வை அதே கடிகாரத்தால் அளந்தால் 40 நிமிடம் என்றே சரியாகக் காட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிழை இருப்பதால் இரண்டும் கழிந்துவிடுகின்றன. செயற்கைக்கோள் கருவியும் இப்படியே. அதன் பிழை நொடிக்கு நொடி தாவிக் குதிப்பதில்லை. மெல்ல மெல்லவே மாறுகிறது. ஆகவே, ‘எங்கே இருக்கிறார்’ என்பதைவிட ‘எவ்வளவு நகர்ந்தார்’ என்பதை அது நன்றாகச் சொல்லும்.

விரைவை அறிய இன்னொரு வழியும் உண்டு. நடைமேடையில் நிற்பவரை நோக்கி வரும் தொடர்வண்டியின் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் அதே ஒலி தாழ்ந்தும் கேட்கும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். வானொலி அலைக்கும் இது பொருந்தும். வீரர் ஓடும்போது செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மிக மிக நுட்பமாக மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து கருவி அவருடைய விரைவை நேரடியாகக் கணக்கிடுகிறது. இடத்தைக் கொண்டு கணக்கிடுவதைவிட இம்முறை பொதுவாகத் துல்லியமானது.

தொடக்ககாலக் கருவிகள் நொடிக்கு ஒருமுறை அளந்தன. இன்று பலவும் நொடிக்குப் பத்துமுறை அளக்கின்றன. இந்த வேறுபாடு சிறியதன்று. நொடிக்கு 6 மீட்டர் விரைவில் ஓடும் ஒருவர் திடீரென நின்று திரும்ப அரை நொடி போதும். பழைய கருவிக்கு அந்தத் திருப்பம் இரண்டு அளவுகளுக்கு இடையே முழுவதும் மறைந்துவிடக்கூடும். புதிய கருவி அதில் ஐந்து புள்ளிகளையாவது பிடிக்கும். ஆயினும் மிகக் குறுகிய வெட்டோட்டங்களில் இன்றும் பிழை மிகுதியே. இக்குறையை ஈடுசெய்யக் கருவிக்குள் முடுக்கமானி, சுழலளவி, காந்தமானி ஆகியவற்றையும் வைக்கின்றனர். முடுக்கமானி பெரும்பாலும் நொடிக்கு நூறுமுறை அளந்து, குதித்தல், மோதுதல், சட்டென நிற்றல் ஆகியவற்றைப் பதிவு செய்யும். இவற்றுக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.

கருவியின் குணத்தை அறிந்தோர் சில பழக்கங்களைத் தவறாமல் பின்பற்றுகின்றனர். பயிற்சிக்குச் சில நிமிடங்கள் முன்பே கருவிகளைத் திறந்தவெளியில் வைத்து, செயற்கைக்கோள்களைப் பற்றிக்கொள்ளும்வரை காத்திருப்பர். ஒரு வீரருக்கு ஒரு கருவி என்று குறித்து வைத்து, எப்போதும் அதையே அவருக்கு அணிவிப்பர். ஏனெனில் ஒரே நிறுவனம் செய்த இரண்டு கருவிகளும் ஒரே ஓட்டத்துக்குச் சற்றே வேறுபட்ட விடை தருவதுண்டு. நேற்று ஒரு கருவியிலும் இன்று வேறொன்றிலும் அளந்தால், மாறியது வீரரா கருவியா என்று தெரியாமல் போகும். கூரையிட்ட உள்ளரங்கில் இம்முறை பயன்படாது. அதனால் மெத்தை விரித்து உள்ளரங்கில் ஆடும் கபடிக்கு இது உதவாது. அத்தகைய இடங்களில் அரங்கைச் சுற்றி வானொலிக் கருவிகளைப் பொருத்தி அளக்கும் வேறு முறைகள் உள்ளன.

ஹாக்கிக் களத்தில்

இந்திய ஆடவர், மகளிர் ஹாக்கி அணிகளும் இக்கருவிகளை அணிகின்றன. ஹாக்கிக்கு இது சிறப்பாகப் பொருந்துவதன் காரணத்தை அறிய அவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இயற்கைப் புல்லில் பந்து மெல்லச் செல்லும். கைவண்ணம் உள்ளவர் வெல்வார். செயற்கைத் தரையில் பந்து வழுக்கி விரையும், ஆட்டம் ஓட்டமாயிற்று. 1980இல் மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அதன்பின் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்க 41 ஆண்டுகள் ஆயின. 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலமும், 2024இல் பாரிஸில் மீண்டும் வெண்கலமும் பெற்றது. இப்பதக்கங்களைக் கருவி வென்று தந்தது என்று கூறுவது மிகை. ஆனால் உடல்திறனை எண்களால் அளந்து பேணும் பழக்கம் இந்த இடைக்காலத்தில் அணிக்குள் வேரூன்றியது என்பது உண்மை.

இன்று ஹாக்கி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக ஆடப்படுகிறது. களத்தில் 11 பேர். ஆட்டத்தை நிறுத்தாமலேயே, எத்தனைமுறை வேண்டுமானாலும் ஒருவரை வெளியே அழைத்து மற்றொருவரை உள்ளே அனுப்பலாம். எனவே முன்கள ஆட்டக்காரர் சில நிமிடங்கள் முழுமூச்சில் ஓடி, வெளியே வந்து இளைப்பாறி, மீண்டும் நுழைவார். யாரை எப்போது அழைப்பது என்பதே பயிற்றுநரின் பெருங்கவலை. களைத்தவர் தாமாக ‘நான் களைத்துவிட்டேன்’ என்று சொல்வது அரிது. களத்தின் ஓரத்தில் உள்ள கணினிக்குக் கருவி உடனுக்குடன் எண்களை அனுப்பும். வழக்கமாக விரைந்து ஓடும் ஒருவரின் ஓட்டங்கள் குறைந்துவிட்டன என்றோ, இடைவெளி நீண்டுவிட்டது என்றோ தெரிந்தால் அவரை அழைக்கலாம்.

கால்பந்தில் ஆட்டத்தின்போது இக்கருவிகளை அணிய 2015ஆம் ஆண்டில்தான் விதி இடம் தந்தது. இறுதி முடிவு அந்தந்தப் போட்டியை நடத்துபவர்களுடையது.

ஒரே கூட்டுத்தொகை, இருவேறு உடல்

தொலைவு மட்டும் தெரிந்தால் போதாது. பெரும்பாலான அணிகள் ஓட்டத்தை விரைவு வாரியாகப் பிரிக்கின்றன. ஆடவர் கால்பந்தில் மணிக்கு 25.2 கிலோமீட்டருக்கு மேற்பட்டதை முழுவிரைவோட்டம் என்று கொள்வது பரவலான வழக்கம். ஆனால் அதே எல்லையை மகளிருக்கும் பள்ளிச் சிறாருக்கும் வைத்தால், அவர்கள் முழுவிரைவில் ஓடியதே இல்லை என்று கருவி சொல்லிவிடும். எல்லைக்கோட்டை வரைந்தது மனிதர். குறை ஓடியவரிடம் இல்லை.

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. இரண்டு வீராங்கனைகள் நான்கு வாரம் பயிற்சி செய்தனர்.

முதலாமவர்: 14, 16, 15, 15 கிலோமீட்டர்.
இரண்டாமவர்: 10, 12, 14, 24 கிலோமீட்டர்.

இருவரும் ஓடிய மொத்தம் 60 கிலோமீட்டர். சராசரி வாரத்துக்கு 15. ஆனால் கடைசி வாரத்தைச் சராசரியால் வகுத்தால் முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 1.6. ஆஸ்திரேலிய விளையாட்டு அறிவியலாளர் டிம் கேபட் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையால் இந்த விகிதம் உலகெங்கும் புகழ்பெற்றது. 0.8 முதல் 1.3 வரை இருப்பது நலம், 1.5க்கு மேல் சென்றால் காயத்துக்கு வாய்ப்பு மிகுதி என்பது அதன் சாரம். கடின உழைப்பு காயத்துக்குக் காரணமன்று. உடல் பழகுமுன் திடீரெனச் சுமையை ஏற்றுவதே காரணம் என்பது அவர் சொல்ல வந்த கருத்து.

பின்னர் பிராங்கோ இம்பெல்லிசேரி முதலிய ஆய்வாளர்கள் இவ்விகிதத்தைக் கடுமையாக மறுத்தனர். கணக்கின் அமைப்பிலேயே குறை உண்டு என்றும், விகிதம் உயர்ந்ததால்தான் காயம் நேர்ந்தது என்பதற்குச் சான்று போதாது என்றும் எழுதினர். இம்மறுப்பு வலுவானது. இன்று விவரம் அறிந்த பயிற்றுநர்கள் அவ்வெண்ணைச் சோதிடம்போல் நம்புவதில்லை. இரண்டாமவரின் 24 என்னும் எண்ணைக் கண்டால், ‘இந்த வாரம் என்ன நடந்தது?’ என்று அவரிடமே கேட்கின்றனர். அவர் காய்ச்சலிலிருந்து எழுந்தவரா, தேர்வுக்காக இரவு விழித்தவரா என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. அமெரிக்கரான கார்ல் பாஸ்டர் வகுத்த எளிய முறை ஒன்று இன்றும் கருவியோடு சேர்த்துப் பயன்படுகிறது. பயிற்சி முடிந்தபின், ‘இன்று எவ்வளவு கடினம்? 0 முதல் 10க்குள் சொல்’ என்று கேட்டு, அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவதே அம்முறை. செலவில்லாத இந்தக் கேள்வி, விலையுயர்ந்த கருவி தவறவிட்டதைப் பல நேரங்களில் பிடித்துவிடுகிறது.

எண்கள் சொல்லாதது இன்னும் உண்டு. டோக்கியோ வெண்கல ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. இலக்குக்காவலர் ஸ்ரீஜேஷ் அந்தப் பந்தைத் தடுத்தார், பதக்கம் உறுதியாயிற்று. அவர் ஓடிய தொலைவை அளந்திருந்தால் அணியிலேயே மிகக் குறைந்தவர்களுள் ஒருவராக இருந்திருப்பார். தொலைவின்படி வரிசைப்படுத்தினால், ஆட்டத்தின் பிற்பகுதியில் மட்டுமே ஆடிய ஹ்வாங்கும் அன்றைய பட்டியலில் கீழேதான் நின்றிருப்பார்.

எண்கள் யாருடையவை?

ஒரு வீரரின் முதுகிலிருந்து கிளம்பும் எண்கள் பயிற்றுநர், மருத்துவர், அணி நிருவாகம் என்று பல கைகளுக்குச் செல்கின்றன. காயத்தைத் தவிர்க்க அளந்த எண்ணையே, ‘இவருக்கு வேகம் குறைந்துவிட்டது’ என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருக்கவும் பயன்படுத்தலாம். அப்படி நேர்ந்தால் வீரர் கருவியை அணிந்துகொண்டே உடலை ஒளிக்கத் தொடங்குவார். வலி இருந்தும் எண் குறையக்கூடாதென்று ஓடுவார். காப்பதற்கு வந்த கருவியே காயத்துக்குக் காரணமாகும்.

2021ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான கால்பந்து வீரர்கள், தங்களைப் பற்றிய ஆட்டத் தரவுகளை ஒப்புதலின்றி விற்றுப் பொருளீட்டும் நிறுவனங்களுக்கு எதிராகச் சட்ட நடவடிக்கையில் இறங்க முன்வந்தனர். மறு ஆண்டு, உலகக் கால்பந்து வீரர்களின் சங்கமான பிப்ரோ, பிபாவுடன் சேர்ந்து வீரர்களின் தரவு உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. என்ன அளக்கப்படுகிறது என்பதை அறியவும், அந்த எண்களைத் தாமே பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கேட்கவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வீரருக்கு உரிமை உண்டு என்பது அதன் உள்ளடக்கம். கத்தார் உலகக் கோப்பையில் ஒவ்வொரு வீரரும் தம் ஆட்டத் தரவைத் தம் கைப்பேசியிலேயே காணும் செயலியைப் பிபா வழங்கியது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளி அணிக்கோ விளையாட்டு விடுதிக்கோ இக்கருவி வரும்போது இச்சட்டம் நினைவில் இருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் வீரர்கள் கருவிகளை உருவி ஒரு பெட்டியில் அடுக்குகின்றனர். பெட்டி கணினியோடு இணைக்கப்படுகிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் நேரத்தை அறிவித்தபடி சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அந்த வீரர்களில் ஒருவரையும் தெரியாது. கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு எல்லாரையும் தெரியும்.

சொல்லும் பொருளும்

தரவு – அளந்தோ கேட்டோ திரட்டிய செய்தி
முடுக்கம் – விரைவு மாறும் வீதம்
அதிர்வெண் – ஒரு நொடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
சாசனம் – உரிமைகளை எழுதி அறிவிக்கும் ஆவணம்
திங்கள் – மாதம், நிலவு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கருவியை முதுகின் மேற்பகுதியில் வைப்பது ஏன்?
2. இடத்தை அறிய நான்காவது செயற்கைக்கோள் ஏன் வேண்டும்?
3. ஒரு வீரருக்கு எப்போதும் ஒரே கருவியை அணிவிப்பதன் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தின் எடுத்துக்காட்டு எதனை விளக்குகிறது?
2. பாடத்தின் தலைப்பு எழுப்பும் வினாவுக்கு உம் விடை என்ன? காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
செயற்கைக்கோள், அணுக்கடிகாரம், வெட்டோட்டம், உள்ளரங்கு

ஈ. கீழ்க்காணும் சொற்கள் ஒவ்வொன்றும் இருபொருள் உடையவை. இரு பொருளும் தோன்றத் தனித்தனித் தொடர் எழுதுக.
கால், அலை, ஓடு, திங்கள்

உ. கணக்கிட்டு எழுதுக.
ஒருவர் நான்கு வாரங்களில் 9, 11, 8, 20 கிலோமீட்டர் ஓடினார். கடைசி வாரத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் என்ன? பயிற்றுநர் அவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக.

ஊ. செய்து பார்க்க.
விளையாட்டு வேளை முடிந்ததும், ‘இன்று எவ்வளவு கடினம்?’ என்பதற்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் தருக. அதனை விளையாடிய நிமிடங்களால் பெருக்குக. இரண்டு வாரம் இதனைக் குறித்து வைத்து, மிக உயர்ந்த நாளில் என்ன நடந்தது என்று வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக. குறிப்பேட்டைப் பிறருக்குக் காட்டுவதா வேண்டாவா என்பதை நீரே முடிவு செய்க.